கபடியார் இலக்கணம்: எழுமலைப் பாடம்

பாயிரம்

உடம்பை முதலாகப் போட்டு ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டோர் எத்தனை வகைப்படுவர், எந்தப் பருவத்தில் என்ன ஆவர், எந்தப் பருவத்தில் ஒன்றும் ஆகாமல் போவர் என்பதை விரிப்பது இந்நூல். இடம், பேரையூர் தாலுகா எழுமலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துப் பேரூராட்சி. கேட்போர், பையனைக் கபடிக்கு அனுப்பலாமா என்று முழிக்கும் பெற்றோரும், கபடிக்காரனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசிக்கும் தாய்மாமன்களும். பயன், இரு சாராருக்கும் தூக்கம் கெடுதல்.

இந்த இனத்துக்கு மேலைநாட்டு மூலநூல் ரக்பி. வடக்கு இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமை ரக்பி ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. போன கூலியையாவது கட்டிக்கொடுங்கள் என்று கேட்டார்கள். ஆட்டத்துக்குக் காசு வாங்குவது மானக்கேடு என்றார்கள் காசுள்ள கனவான்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடிப் பாகப்பிரிவினை செய்துகொண்டன. பிரிந்தது ரக்பி லீக் ஆயிற்று. மானத்தோடு மிஞ்சியது ரக்பி யூனியன். சரியாக நூறு வருஷம் கழித்து, 1995 ஆகஸ்டில், பாரிஸில் கூடிய சர்வதேச வாரியம் இனி யூனியனிலும் சம்பளம் வாங்கலாம் என்று அறிவித்தது. மானம் என்ன ஆயிற்று என்பதற்கு உரையாசிரியர் எவரும் குறிப்பு எழுதவில்லை.

அற்றேல், எழுமலைக்கும் ஹடர்ஸ்ஃபீல்டுக்கும் என்ன இயைபு எனின், கூறுதும். 1995-க்கு முன் யூனியன் ஆடியோர் எல்லாம் வேறு வேலை பார்த்தவர்கள். வேல்ஸின் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் டாக்டர். இங்கிலாந்தின் வேட் டூலி போலீஸ்காரர், பிரையன் மூர் வக்கீல். வேலையில் இருந்தவர்கள் லீவு போட்டு ஆடினார்கள். நம் வட்டாரத்தில் இது தலைகீழ். வேலைக்காகத்தான் ஆட்டம். சம்பளமும் ஆடுவதற்கு அல்ல, ஆடியதற்கு.

ஆகவே கபடியாரை அளக்க இரண்டே கருவி போதும். ஒன்று முட்டி, மற்றொன்று வேலைக்கான ஆர்டர். முட்டி போவதற்குள் ஆர்டர் வந்தவன் பிழைத்தான். ஆர்டர் வருவதற்குள் முட்டி போனவன், “அப்பல்லாம் நல்லா ஆடுவாப்ள” என்று டீக்கடையில் இறந்தகாலத்தில் பேசப்படுவான். மற்ற வகைப்பாடெல்லாம் இதன் விரிவு என்க.

உறுப்பியல்

ரக்பி யூனியனில் ஒரு பக்கம் பதினைந்து பேர். முன்வரிசை எட்டு, பின்வரிசை ஏழு. முன்னவர் முட்டுவர், பின்னவர் ஓடுவர். முதுகில் உள்ள எண்ணைப் பார்த்தே ஆளின் தொழிலைச் சொல்லிவிடலாம். 1-ம் 3-ம் ஸ்க்ரம் என்னும் முட்டலைத் தோளில் தாங்குவோர். 2 காலால் பந்தை வாரி இழுப்போன். 9 பந்தை எடுத்துக் கொடுப்போன். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் சிறுத்த உடம்பும் பெருத்த வாயும் இவனுக்கே. 15 கடைசிக் காவல்.

கபடியில் ஏழே பேர். தொழில் எண்ணில் இல்லை, நிற்கும் இடத்தில் உண்டு.

ஓரத்தில் நிற்போன் கார்னர். பேச்சு குறைவு. ரைடரின் முகத்தைப் பாரான், கணுக்காலையே பார்ப்பான். கல்யாண வீட்டிலும் வருகிறவன் எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறான் என்றே இவன் கண் போகும். அவனுக்கு அடுத்து நிற்போன் கவர். நெஞ்சால் பேசுகிறவன். ஓடிவந்து ‘டாஷ்’ அடித்தால் ரைடர் கோட்டுக்கு வெளியே கிடப்பான். உசிலம்பட்டி பஸ்ஸில் இவன் உட்கார்ந்தால் பக்கத்து சீட் காலியாகவே போகும்.

ரைடர், முப்பது விநாடி மூச்சடக்கிப் பாடிப் போவோன். உட்பிரிவு பல. கையால் தொடுவோன், காலால் தொடுவோன், குனிந்து தாண்டுவோன், இரண்டு ரைடு வெறுமனே போய் மூன்றாவதில் ‘டூ ஆர் டை’ என்றதும் அணியில் எல்லாராலும் திரும்பிப் பார்க்கப்படுவோன். இவர்களுள் தனித்து ஆராயத்தக்கவன் போனஸ் ரைடர். எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது மட்டும் போவான். போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு கால் வைப்பான், மறு காலைத் தூக்குவான், திரும்பிவிடுவான். யாரையும் தொடமாட்டான், யாரிடமும் அகப்படமாட்டான்; ஸ்கோர் மட்டும் ஏறும். இவ்வகையோர் பிற்காலத்தில் கூட்டுறவு சங்கத் தேர்தலில் நன்றாக வருவர்.

எடையியல்

ரக்பியில் எடைக்கு உச்சவரம்பு கிடையாது. ஆண்கள் கபடியில் 85 கிலோவுக்கு மேல் ஆடவிடமாட்டார்கள். நம்மூர் ஃபிளெக்ஸில் ‘55 கிலோ’, ‘65 கிலோ’, ‘ஓபன்’ என்று வகுத்திருக்கும். இவ்வகைப்பாட்டின் நுட்பத்தை அறிய 55 கிலோக்காரனைப் பின்தொடர்க.

போட்டியன்று மத்தியானம் அவன் சாப்பிடமாட்டான். வெயிலில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் ஓடுவான். எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டே வருவான். சாயங்காலம் மேடையோரத்தில் மூட்டை நிறுக்கிற மிஷின் காத்திருக்கும். ஏறி நின்றால் 55 கிலோ 300. சட்டையைக் கழற்றுவான். வெள்ளிக் காப்பைக் கழற்றிக் கூட்டாளியிடம் கொடுப்பான். அரைஞாண் கயிற்றை அவிழ்ப்பதா வேண்டாமா என்று ஒரு விவாதம் நடக்கும். பிறகு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பான். மூச்சை இழுத்தால் எடை குறையும் என்பது வட்டார விஞ்ஞானம். 55 கிலோ 100. “விடுங்கப்பா, நூறு கிராம்ல என்ன வந்துச்சு?” என்பார் கமிட்டிக்காரர். எதிரணி விடாது. இன்னும் ரெண்டு சுற்று ஓடவிட்டுத்தான் ஏற்றுவார்கள். நிறுத்து முடித்ததும் நேரே புரோட்டாக் கடை. முதல் ரவுண்டு விசில் ஊதும்போது அவன் 56-ஐத் தாண்டியிருப்பான். அதைச் சட்டம் கேட்காது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு கிராம் கூடியதற்காக வினேஷ் போகத் மல்யுத்த இறுதிப்போட்டியை இழந்தபோது நாடே அதிர்ந்தது. எழுமலையில் அதிர்ச்சியைவிட அனுபவம் பேசியது.

பருவவியல்

முதலாவது கால்சட்டைப் பருவம். பள்ளிக்கூடத்துப் பி.டி. வாத்தியார் கண்ணில் படுவதும், கல் பொறுக்கித் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்ட தரையில் முழங்கையைத் தேய்ப்பதும் இதன் இலக்கணம். அதிகம் சொல்வதற்கில்லை.

இரண்டாவது மின்னொளிப் பருவம். ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று ஃபிளெக்ஸ் விழுந்ததும் இது தொடங்கும். ஃபிளெக்ஸ் என்பது தனி இலக்கிய வகை. மேலே தலைவர்கள், நடுவில் நடத்தும் குழுவினரின் கூலிங் கிளாஸ் படங்கள், ஓரத்தில் சிறிதாகக் கபடி. முதல் பரிசு 20,001 ரூபாய், உபயம் இன்னார். சுழற்கோப்பை, இன்னாரின் நினைவாக இன்னார் குடும்பத்தார். நுழைவுக் கட்டணம் இவ்வளவு. வெளியூர் அணிகளுக்கு இரவு உணவு உண்டு. நடுவர் தீர்ப்பே இறுதியானது. இந்தக் கடைசி வரியை எல்லாரும் அச்சடிப்பர். நடுவரைத் தவிர யாரும் படிப்பதில்லை.

இப்பருவத்தார் இருவகையர்: ஊர் ஆள், வரவழைத்த ஆள். வரவழைத்த ஆளைக் கமிட்டி கேட்டால் “எங்க மாமா மகன்தாண்ணே” என்பது மரபு. ஆதார் கார்டு கேட்க ஆரம்பித்தபின் மாமன் மகன்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். அவனுக்குக் கிடைப்பது பஸ் காசு, சாப்பாடு, ஐந்நூறோ ஆயிரமோ. ஆட்டம் விடிகாலை வரை இழுக்கும். மறுநாள் கொத்து வேலைக்கோ மில்லுக்கோ போக முடியாது. 1895-ல் வடக்கத்திக்காரர் கேட்ட ஈடு இதேதான். அங்கே அதற்காக ஓர் ஆட்டமே இரண்டாகப் பிளந்தது. இங்கே ஃபைனல் முடிந்ததும் கேப்டன் மைக்செட் வண்டி மறைவில் வைத்து, நாலாக மடித்த நோட்டைக் கையில் திணித்துவிட்டு, “கோவிச்சுக்காத மாப்ள, அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம்” என்பான். லீக்குக்கும் யூனியனுக்கும் நடுவில் நம்மவர் கண்ட மூன்றாம் வழி இது.

கணக்கு வழக்கு என்ற வகையில் ஓர் இடைச்செருகல். கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் 1873-ல் ஒரு ரக்பி கிளப் தொடங்கினார்கள். சில வருஷத்தில் ஆள் குறைந்து கிளப்பைக் கலைத்தார்கள். பேங்கில் மிஞ்சியிருந்ததை வெள்ளி ரூபாயாக எடுத்து உருக்கி, மூன்று நாகம் கைப்பிடியாக, மூடி மேல் யானையாக ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் முட்டிக்கொள்கின்றன. நம் பக்கத்துக் குழு ஒன்றைக் கலைத்துக் கணக்கு முடித்தால் உருக்குவதற்கு மிஞ்சுவது மைக்செட்காரருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி.

மூன்றாவது ஆர்டர்ப் பருவம். நூலின் உயிர்நாடி இது. இப்பருவத்துக் கபடியாரை அடையாளம் காண்பது எளிது. பந்தயத்துக்குப் போகும்போதும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கூடவே போகும். உள்ளே லேமினேட் செய்த சான்றிதழ்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலை கேட்போரின் சான்றிதழை அரசாங்கமே படிவம் வாரியாக வகுத்திருக்கிறது. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் ஒன்று. மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் இரண்டு. பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு மூன்று. தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடியவருக்கு நான்கு. ஊருக்காக ஆடியவருக்குப் படிவம் கிடையாது. ஆகவே மின்னொளியில் விடிய விடிய ஜெயித்த அத்தனை கோப்பையும், உபயக்காரர் கையால் போட்ட அத்தனை பொன்னாடையும், ஃபைலில் ஒரு தாளாக ஆவதில்லை.

இதை உணர்ந்தவன் மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துக்குப் பஸ் ஏறுவான், விளையாட்டு விடுதிச் செலக்‌ஷனுக்கு நிற்பான், முதலமைச்சர் கோப்பையில் மாவட்டத்துக்கு ஆடுவான், மாநில அணிக்குள் நுழைய அலைவான். தமிழக அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் உண்டு. ரயில்வே, போலீஸ், மின்வாரியம் எல்லாம் கபடியாரின் கனவில் வரும் தெய்வங்கள். பெரிய ஆட்டக்காரருக்கும் இதில் விலக்கில்லை. தூத்துக்குடிப் பக்கம் மணத்தியிலிருந்து கிளம்பி, 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கிய மணத்தி கணேசனுக்கும் மின்வாரியம்தான். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ 2025 தீபாவளிக்கு வந்தபோது பையன்கள் ரைடுக்குக் கைதட்டினார்கள். தகப்பன்மார் மனசுக்குள் கைதட்டியது மின்வாரியத்துக்கு.

பெண் பார்க்கும் படலத்திலும் இவ்விதியே செல்லும்.

“மாப்பிள்ளை என்ன பண்றாக?”

“கபடி பிளேயரு. ஸ்டேட் ஆடியிருக்காக.”

“அது சந்தோஷந்தான். வேலை?”

நான்காவது ஏலப் பருவம். 2014-ல் புரோ கபடி வந்தபின் உண்டான புது இலக்கணம். ஆளை ஏ, பி, சி, டி என நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் அடிப்படை விலை வைத்து ஏலம் விடுகிறார்கள். முதல் ஏலத்தில் உச்சவிலை ராகேஷ் குமாருக்கு 12.80 லட்சம். நாலு வருஷத்தில், 2018-ல், மோனு கோயத் 1.51 கோடிக்குப் போனார். 2022-ல் பவன் ஷெராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. அந்த விலையைக் கேட்ட அன்று எழுமலையில் பல வீடுகளில் கபடிக்கு எதிரான வாதங்கள் வலுவிழந்தன. சீசனின் முதல் ஆட்டத்திலேயே பவனின் முட்டி போயிற்று. அந்த வருஷம் அவர் திரும்ப மேட் ஏறவில்லை. எதிர்வாதம் மீண்டும் வலுப்பெற்றது. 2017-ல் பிறந்த தலைவாஸ் முதன்முதலாக அரையிறுதியைக் கண்டது பவன் இல்லாத அந்த சீசனில்தான் என்பதை இங்கே குறித்து வைப்போம், விளக்கம் கேட்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த 2.26 கோடிக்காரருக்கும் ரயில்வேயில் வேலை உண்டு. தலைவாஸின் முதல் கேப்டன் அஜய் தாக்கூர் இமாச்சலப் பிரதேசத்தில் டி.எஸ்.பி. ஏலம் என்பது வருஷத்தில் சில மாதம். ஆர்டர் என்பது ஐம்பத்தெட்டோ அறுபதோ வயது வரை. கோடியைக் கண்ட பின்னும் கபடியார் ரயில்வேயை விடவில்லை என்றால், எழுமலைத் தாய்மாமன் கேள்வியைப் பழசு என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ரக்பிக்கும் நம் நாட்டில் ஏலம் வந்துவிட்டது. 2025 ஜூனில் மும்பையில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. அணிக்கு ஏழு பேர் ஆடும் குறுவடிவம். கோப்பை வென்றது சென்னை புல்ஸ், இறுதியில் டெல்லியை 41-0 என்று சாய்த்து. அலங்காநல்லூரில் காளையைத் தழுவியவனுக்குப் பரிசு. மும்பையில் காளையே பரிசு வாங்கியது. ஆனாலும் எழுமலை டீக்கடையில் இது பேசப்படவில்லை. ரக்பிக்காரனுக்கு எந்த டிபார்ட்மென்டில் கோட்டா என்பது தெரியும்வரை பேசப்படாது.

ஐந்தாவது ஜவ்வுப் பருவம். “முட்டியில ஜவ்வு கிழிஞ்சிருச்சு” என்ற ஒரே வாக்கியத்தில் அடங்கும். ரைடர் திரும்பும் வேகத்தில் கார்னர் கணுக்காலைப் பிடித்தால் பாதம் தரையில் நிற்க, தொடை திரும்பிவிடும். நடுவில் அகப்படுவது முட்டிக்குள் இருக்கும் அந்த நார். முதலில் எண்ணெய்க் கட்டு, அப்புறம் ஸ்கேன், அப்புறம் ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்ற விசாரணை. ஆர்டர் வாங்கியவனுக்கு மெடிக்கல் லீவு உண்டு. வாங்காதவனுக்கு உபயதாரர் உண்டா என்றால், அவர் அடுத்த போட்டிக்கு ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டிருப்பார். குற்றம் சொல்வதற்கில்லை, அவர் உபயம் செய்தது கோப்பைக்குத்தான். ரக்பியில் முட்டியோடு தலையும் போகிறது. 2003-ல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்ப்சன் மறதிநோயால் பாதிக்கப்பட்டு, அந்தக் கோப்பையை வென்றதே நினைவில் இல்லை என்று 2020-ல் சொன்னார். சம்பளம் வாங்கி யூனியன் ஆடிய முதல் தலைமுறையில் ஒருவர் அவர்.

இவ்விதிக்கு விலக்கு தஞ்சாவூர் வட்டாரத்து தர்மராஜ் சேரலாதன். 1975-ல் பிறந்தவர். 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பை எடுத்தார். அதே வருஷம் அகமதாபாத்தில் இந்தியா உலகக் கோப்பை வென்றபோது அணியில் இருந்தார். 2019-லும், தன் வயதில் பாதிகூட ஆகாத பையன்களின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைக் காட்டி “பாத்தியா, நாப்பத்திநாலு வயசுல ஆடுறாரு” என்று வாதாடும் எழுமலை இளைஞர் பலர். எந்த இலக்கணத்திலும் விதியைவிட விலக்குதான் அதிகம் மேற்கோள் காட்டப்படும்.

ஆறாவது பிற்பருவம்: கோச், நடுவர், மைக் பிடிப்போர். மூவரும் ஒரே நேரத்தில் பேசுவர்.

புறனடை

மேற்சொன்ன இயல்களில் பெண் இல்லை. பழைய இலக்கணக்காரர் குறை இதற்கும் உண்டு. பெண்கள் கபடி ஆசியப் போட்டிக்கு 2010-ல்தான் வந்தது. 2023-ல் ஹாங்சோவில் நம் பெண்கள் சீன தைபேயை 26-25 என்று ஒரே புள்ளியில் ஜெயித்துத் தங்கம் எடுத்தார்கள். இந்தியாவுக்கு அங்கே கிடைத்த நூறாவது பதக்கம் அது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த இளையோர் ஆசியப் போட்டியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா தங்கத்தோடு திரும்பியபோது, பையன்கள் அணியில் ஆடிய வடுவூர் அபினேஷுக்குக் கொடுத்த அதே 25 லட்சத்தை அரசு அவருக்கும் கொடுத்தது. பணத்தில் வேற்றுமை இல்லை, பருவத்தில் உண்டு. பெண்ணுக்கு மின்னொளிப் பருவம் பெரும்பாலும் இல்லை. ராத்திரி ஆட்டத்துக்கு வீட்டில் விடமாட்டார்கள். அதனால் பள்ளியிலிருந்து விடுதி, விடுதியிலிருந்து போலீஸ் செலக்‌ஷன் என்று நேர்வழியில் போவாள். ஆணுக்கு முட்டியும் ஆர்டரும் இரண்டே கடிகாரம். அவளுக்கு மூன்றாவதாக முகூர்த்தம். “ஆர்டர் வரட்டும்மா, அதுவரைக்கும் பேச்செடுக்காதீங்க” என்று சொல்லத் தெரிந்த பெண், மேற்கண்ட போனஸ் ரைடரைவிடச் சாமர்த்தியசாலி.

எஞ்சியது ஒரு வகை. பாடபேதம் மிகுந்தது. ரிசர்வ் பிளேயர் கபடியாரா அல்லரா என்பதில் எழுமலைப் பாடத்துக்கும் உசிலம்பட்டிப் பாடத்துக்கும் கருத்து வேற்றுமை உண்டு. ஆடினோனே கபடியார் என்பது உசிலம்பட்டி. பனியனில் பெயர் உள்ளோன் கபடியார் என்பது எழுமலை. எழுமலையார் கூற்றே வலியுடைத்து. மாநில அணியோடு ரயிலேறிப் போய், ஒரு வாரம் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, ஆடுவோருக்குத் தண்ணீர் பாட்டிலும் துண்டும் நீட்டிவிட்டுத் திரும்பினாலும் படிவம் இரண்டு படிவம் இரண்டுதான். எத்தனை ரைடு போனாய் என்று அதில் கட்டம் கிடையாது. அப்படிப் போய்வந்த ஒருவருக்கு ஃபைல் நிறைந்தது, ஆர்டர் வந்தது, முட்டி இரண்டும் பிறந்தபோது இருந்தபடியே இருக்கின்றன. இன்றைக்கு அவர் அரசு ஊழியர், இரண்டு பிள்ளைகள், மாடி வீடு. பொங்கலுக்கு நடக்கும் மின்னொளிப் போட்டியில் கோடு தொட்டுக் கும்பிட்டு ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர் அவர்தான். முதல் பரிசு 20,001 ரூபாயும் அவர் உபயம்.